கண்ணுக்குத் தப்பினாலும் கைக்குத் தப்பாது

அன்புள்ள வாசகருக்கு,

கோவையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பக்கத்து மனையில் புது வீடு கட்டி, கேட்டுக்கும் ஜன்னல் கம்பிகளுக்கும் கம்ப்ரஸர் வைத்துக் கருப்பு எனாமல் அடித்திருக்கிறார்கள். மதில் ஓரம் நின்றிருந்த உங்கள் கருநீல வண்டி வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நான்கு நாள் கழித்து வண்டியைத் துடைக்கும்போதுதான் பானட் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பது கையில் பட்டிருக்கிறது. "பெயின்டர் தின்னரில் துடைத்தால் போய்விடும் என்கிறார். மைத்துனர் பெட்ரோல் என்கிறார். ஒர்க்‌ஷாப்பில் பானட், ரூஃப் இரண்டுக்கும் புதுசாக அடித்துவிடலாம் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?" என்று முடித்திருக்கிறீர்கள்.

இப்போதைக்கு மூன்று பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். வருடா வருடம் பொங்கலுக்கு முன்னாலும் கல்யாண சீசனிலும் இதே கேள்வியோடு யாராவது எழுதுகிறார்கள். அதனால் உங்களுக்கு எழுதும் பதிலை எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சோதனை. வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவி ஈரத்தை ஒற்றி எடுங்கள். பிரெட் சுற்றி வருகிற மாதிரி மெல்லிய பாலிதீன் கவர் ஒன்றுக்குள் விரல்களை விட்டுக்கொண்டு, பானட்டின் மேல் அழுத்தாமல் தடவிப் பாருங்கள். வெறும் விரல் தோலின் பிடிப்பில் மறைந்துபோகிற சின்னச் சின்ன மேடுகள்கூட, கவர் வழுக்கிக்கொண்டு போகும்போது ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். கருநீலத்தின் மேல் கருப்புத் துளி விழுந்தால் கண்ணுக்கு எங்கே தெரியும்? நான்கு நாள் உங்களுக்குத் தெரியாமல் இருந்ததில் வியப்பில்லை. ரூஃப், டிக்கி, கண்ணாடி, நான்கு கதவு என்று முழு வண்டியையும் இப்படித் தடவி, எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் பாகங்களில்தான் அதிகம் இருக்கும். நிற்கும் பாகங்களில், காற்று வந்த பக்கத்துக் கதவுகளில் மட்டும் இருக்கும். ஆடி மாதக் கோவையில் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்றில் ஸ்ப்ரே கன்னைப் பிடித்த பெயின்டர், பாதி எனாமலை உங்கள் வண்டிக்குத்தான் அடித்திருப்பார்.

'பாதி' என்பதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பழைய வகை ஸ்ப்ரே கன்னில் போடுகிற பெயின்டில் பாதிக்கும் குறைவுதான் அடிக்க வேண்டிய இடத்தில் உட்காரும். கேட்டின் கம்பிகளுக்கு நடுவே முக்கால்வாசி வெற்றிடம் என்பதால் அதில் இன்னும் குறையும். மீதி, புகை மாதிரி மிதந்து போகும். இந்தக் கன் பிறந்த கதையும் இதற்குப் பொருத்தமானதுதான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர், 1880-களின் கடைசியில், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைப் புகையாகப் பீய்ச்ச ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் தாமஸ் அதைப் பின்னாளில் பெயின்ட் அடிக்கத் திருப்பினார். கை எட்டாத மூலையெல்லாம் மருந்து போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் செய்த கருவி அது. உங்கள் டிக்கியின் இடுக்கு வரைக்கும் எனாமல் போய்ச் சேர்ந்திருக்கிறதென்றால் அது தன் பிறவிக் குணத்தைக் காட்டியிருக்கிறது.

இப்போது அந்தத் துளிகளுக்கு அடியில் இருப்பதைப் பார்ப்போம். தொழிற்சாலையில் உங்கள் வண்டியின் தகட்டை ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி முதல் பூச்சு ஏற்றுகிறார்கள். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர். இவ்வளவும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 130 மைக்ரான். அதில் கிளியரின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், ஷோரூம் பளபளப்பு முழுவதும் முக்கால் முடிக்கும் குறைவான கனத்தில் நிற்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குகிற மருந்தும் அந்தக் கிளியரில்தான் கலந்திருக்கிறது. அதைத் தேய்த்துக் கரைத்துவிட்டால் திரும்ப வளராது. எனாமல் துளியை எடுப்பதற்கு ஆயிரம் வழி உண்டு. இந்த முக்கால் முடிக்குச் சேதம் வராமல் எடுப்பதுதான் நமக்கு வேலை. இனி நான் சொல்வது முழுவதும் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

ஒர்க்‌ஷாப் யோசனையை நான் முதலிலேயே தள்ளுவதற்கும் இதுதான் காரணம். தொழிற்சாலையில் கிளியரை 140 டிகிரி சுமாரில் சுடுகிறார்கள். வயரிங், சீட், பிளாஸ்டிக் எல்லாம் பூட்டிய வண்டியை வெளியில் யாராலும் அப்படிச் சுட முடியாது. நல்ல பெயின்ட் பூத்திலேயே 60 டிகிரிதான். மேலே ஒட்டிய தூசியை எடுக்க அடியிலிருக்கும் உயர்ந்த பூச்சைச் சுரண்டிவிட்டு அதைவிடத் தாழ்ந்ததைப் பூசிக்கொள்வது மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்ட மூக்கை அறுத்துக்கொள்வதுதான்.

தின்னர் விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 1990-களில் மதுரையில் ஒரு பழைய மாருதி 800 வாங்கினேன், சிவப்பு. மாடியில் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டுக்கு அலுமினியம் பெயின்ட் அடித்தார்கள். சாயங்காலம் வண்டி முழுக்க வெள்ளித் துளி. கடைக்குப் போய் ஒரு பாட்டில் தின்னரும் ஒரு பொட்டலம் பனியன் வேஸ்ட்டும் வாங்கி வந்தேன். டிரைவர் பக்கத்துக் கதவு அழகாக வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் இடது ஃபெண்டருக்குப் போனேன். இரண்டாவது இழுப்பில் பனியன் துணி லேசாகச் சிவந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தின்னரை நனைத்து அழுத்தித் துடைத்தேன். உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறப் பிரைமர் பல்லைக் காட்டியது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எங்கேயோ இடித்து அந்த ஃபெண்டருக்கு மட்டும் என்.சி. பெயின்ட் அடித்திருக்கிறார். என்.சி. காற்றில் காயும் ஜாதி. எத்தனை வருடம் கழித்துத் தின்னர் பட்டாலும் திரும்பக் கரையும். தெருமுனைப் பட்டறையில் பெயின்டர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "தின்னருக்குக் கண்ணு கிடையாதுண்ணே. நேத்து வந்து விழுந்தது எது, முன்னாடியே இருந்தது எதுன்னு அதுக்கு எங்க தெரியும்?"

உங்கள் வண்டி புதுசு, பானட்டும் கதவும் தொழிற்சாலைப் பூச்சு. ஒரு இழுப்புக்கு அது தாங்கும். ஆனால் பெயின்டர் நல்லெண்ணத்தோடு தின்னரால் துடைத்துக் காட்டிய பின்பக்கப் பம்பர் மூலை மங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சூட்சுமம். பம்பர் பிளாஸ்டிக். அது 140 டிகிரி தாங்காது. அதனால் அதற்கு வேறு பூச்சு, குறைந்த சூடு, அதற்கேற்ற மாதிரித் தாங்கும் சக்தியும் குறைவு. ஹெட்லைட்டோ பாலிகார்பனேட், தின்னர் பட்டால் சிலந்தி வலை மாதிரி மயிரிழை விரிசல் விடும். கதவு ரப்பர் பீடிங் ஊதிப் போகும். மைத்துனர் சொன்ன பெட்ரோலைப் பற்றி ஒரே வரி: வீட்டு வாசலில் வாளியில் பெட்ரோலும் கையில் துணியுமாக யாரும் நிற்கக் கூடாது. வண்டி போனால் வண்டியோடு போகும், இது அப்படி இல்லை.

அடுத்தது, விழுந்தது என்ன பெயின்ட் என்று தெரிந்துகொள்வது. பக்கத்து வீட்டில் காலி டின் கிடக்கும். அதன் லேபிளைப் படியுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன ஊற்றிக் கலக்கினார்கள் என்று பெயின்டரைக் கேளுங்கள். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் என்றால் தண்ணீரில் கலப்பது; அன்றைக்கே ஷாம்பு தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் இளகி வந்துவிடும். எனாமல் டர்பன்டைனில் கலப்பது. அது காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெதுவாக இறுகும். தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரம், முழுசாக இறுக ஒரு வாரம் பக்கம் ஆகும். அந்த இடைவெளிக்குள் பிடித்தால் டர்பன்டைனோ மண்ணெண்ணெயோ துணியில் தொட்டு ஒற்றி எடுக்கலாம். இரண்டும் தொழிற்சாலைப் பூச்சைப் பெரிதாகச் சீண்டாது. எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும், ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது வகை பி.யூ.; ஹார்ட்னர் கலந்து அடிப்பது. அது காய்வதில்லை, உள்ளுக்குள்ளே வினை நடந்து இறுகுகிறது. இறுகியபின் தின்னரைக் குளிப்பாட்டினாலும் கரையாது.

உங்களுக்கு விழுந்தது எனாமல். ஆனால் உங்கள் கடிதம் வந்து, இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் ஒரு மாதம் ஓடியிருக்கும். அதற்குள் அது நன்றாக இறுகியிருக்கும். வெயிலில் நின்ற கருநீல பானட் 60 டிகிரியைச் சுலபமாகத் தொடும். பூத்தில் காசு கொடுத்துச் செய்கிற வேலையை வெயில் இலவசமாகச் செய்து முடித்திருக்கும். (இதைப் படிக்கிற மற்றவர்கள் கவனிக்க: துளி விழுந்தது தெரிந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் வண்டியை நிழலுக்குத் தள்ளுவதுதான்.) ஆகவே கரைக்கும் வழியை விட்டுவிடுவோம். நமக்கு இருப்பது கிளே.

கிளே பார் என்று கார் அக்சஸரீஸ் கடையில் கேளுங்கள். குழந்தைகள் விளையாடும் களிமண் மாதிரி ஒரு கட்டி, 100 கிராம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 'ஃபைன்' என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். பார்த்தால் சாதுவாக இருக்கும், உள்ளே மிக நுண்ணிய சாணைப் பொடி கலந்திருக்கும். தடாவோ கொடாடே என்ற ஜப்பானியர் இதற்கு 1995-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியபோது வைத்த தலைப்பே 'நெகிழும் சாணைக்கல்' என்ற பொருள் தருவதுதான். சாணைக்கல்லைப் புது வண்டியில் வைப்பதா என்று பயப்படாதீர்கள். கிளேக்கும் வண்டிக்கும் நடுவே சோப்புத் தண்ணீர் ஒரு படலமாக நிற்கும். கிளே அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். படலத்துக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருப்பது எதுவோ அது மட்டும் மாட்டிக்கொண்டு அறுந்து வரும். எனாமலா, பி.யூ.வா என்று அது பார்ப்பதில்லை. மேடா, சமமா என்று மட்டும்தான் பார்க்கிறது. தின்னருக்கு இல்லாத கண் இதற்கு இருக்கிறது.

செய்முறை இதுதான். காலையில் எட்டு மணிக்குள் நிழலில், உலோகம் சில்லென்று இருக்கும்போது ஆரம்பியுங்கள். ஸ்ப்ரே பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சில சொட்டு கார் ஷாம்பு. சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடாக இருந்தால் அதையே எடுங்கள். போர் தண்ணீர் காய்ந்தால் கருநீலத்தில் உப்புத் திட்டு விழும். கட்டியை முழுசாக எடுக்காமல் நாலாகப் பிரித்து ஒரு துண்டை உள்ளங்கையில் பிசைந்து வட்டமாகத் தட்டிக்கொள்ளுங்கள், ஓமப்பொடி மாவு பதத்துக்கு. பானட்டில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தை மனதுக்குள் கோடு போட்டுப் பிரித்து, அந்த இடம் சொட்டச் சொட்ட நனைத்துவிட்டு, கிளேயை மூன்று விரலால் பிடித்து முன்னும் பின்னும் நேர்கோட்டில் ஓட்டுங்கள். வட்டமாகச் சுழற்ற வேண்டாம். அழுத்தவும் வேண்டாம், கிளே கீழே விழாத அளவுக்குப் பிடித்தால் போதும்.

முதலில் சரசரவென்று சத்தம் வரும், கை இழுபடும். பத்து இருபது ஓட்டம் போனதும் சத்தம் குறையும். பிறகு சத்தமே இல்லாமல் ஐஸ் மேல் போகிற மாதிரிப் போகும். அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். கிளேயைத் திருப்பிப் பாருங்கள்: கசகசாவைத் தூவின மாதிரி கருப்புப் புள்ளிகள் பதிந்திருக்கும். உங்களை இத்தனை நாள் தூங்கவிடாத எதிரி அதுதான். அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து புது முகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த சதுரத்துக்குப் போங்கள். இடையில் தண்ணீர் காயவே கூடாது. ஒரு விதி மட்டும் ஈவு இரக்கமில்லாதது: கிளே கை நழுவித் தரையில் விழுந்தால் அந்தத் துண்டைத் தலைமுழுகிவிட வேண்டும். கழுவினாலும் மணல் போகாது, அடுத்த இழுப்பில் வண்டி முழுக்கக் கோடு விழும். நாலாகப் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பானட்டுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கலாம். முதல் ஞாயிற்றுக்கிழமை பானட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ரூஃப், அதற்கடுத்த வாரம் மேற்குப் பக்கக் கதவுகள். துளி இன்னும் இறுகத்தான் போகிறதே என்று அவசரப்பட வேண்டாம். இறுக வேண்டிய அளவுக்கு அது இறுகிவிட்டது.

முன் கண்ணாடிக்கு இவ்வளவு பொறுமை தேவையில்லை. சோப்புத் தண்ணீர் அடித்து, புது பிளேடைப் படுக்கையாகப் பிடித்து ஒரே திசையில் தள்ளினால் துளிகள் சுருண்டு வரும். ஹெட்லைட்டுக்குக் கிளே மட்டும். பெயின்ட் அடிக்காத கருப்புப் பிளாஸ்டிக் பட்டையில் கிளே வைக்காதீர்கள், அதன் சொரசொரப்பில் சிக்கி வெளுத்த தடமாக நிற்கும். அங்கே பழைய டூத் பிரஷ்ஷும் ஷாம்பு தண்ணீரும் போதும். கருப்பில் கருப்புத் துளி மிஞ்சினால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கிளே முடிந்தபின் டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கருநீலம் என்பதால், லேசாக மூட்டம் தெரியலாம். பயப்பட வேண்டாம். கிளே விட்ட மெல்லிய கோடுகள்தான். மிருதுவான பாலிஷ் கொண்டு கையால் தேய்த்தாலே போய்விடும். பம்பர் மூலை மங்கலுக்கும் முதலில் அதையே செய்து பாருங்கள். இந்த இடத்தில்தான் யாராவது மிஷினையும் ரப்பிங் காம்பவுண்டையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். வேண்டியதில்லை. மிஷின் அவசியம் என்றானால், பேனல் ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் டேப் ஒட்டச் சொல்லுங்கள். பூச்சு அங்கேதான் மெல்லியது, பேட் அங்கேதான் முதலில் சூடேறிக் கடிக்கும். கடைசியாக வாக்ஸ். கிளே போட்டதில் பழைய வாக்ஸும் போயிருக்கும், வண்டி வெறும் மேலோடு நிற்கும்.

பக்கத்து வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 'கேஸ் போடட்டுமா' என்று எழுதியிருந்தீர்கள். கை வைப்பதற்கு முன் எடுத்த போட்டோவும் டின் போட்டோவும் இருக்கட்டும். ஆனால் முதலில் வீட்டுக்காரரையே அழைத்து, கையில் பாலிதீன் கவரை மாட்டி பானட்டைத் தடவச் சொல்லுங்கள். பத்து நிமிடம் வாதாடிப் புரியாதது ஒரு தடவலில் புரியும். கிளே, பாலிஷ், வாக்ஸ் செலவையோ, டீடெய்லிங் கடையில் செய்வதானால் அந்தக் கூலியையோ கேளுங்கள், நியாயமான கேள்விதான். நாள் கூலிக்கு வந்த பெயின்டரிடம் கேட்காதீர்கள். வண்டியை நகர்த்தச் சொல்லி மணி அடிக்க வேண்டியது வேலை கொடுத்தவரின் பொறுப்பு. இன்ஷூரன்ஸ் கிளெயிம் யோசனையையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வருடம் கிளெயிம் இல்லாமல் போனால் சொந்தச் சேத பிரீமியத்தில் 20 சதவீதம், தொடர்ந்தால் 50 சதவீதம் வரை நோ கிளெயிம் போனஸ் உண்டு. தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால் ஒழிய, ஒரு கிளேக் கட்டிக்காக அதை இழக்க வேண்டுமா?

பக்கத்து வீட்டில் காம்பவுண்ட் கிரில் இன்னும் பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள். அதை பிரஷ்ஷால் அடிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கன்தான் வேண்டும் என்றால், முனையில் காற்றழுத்தம் 10 பிஎஸ்ஐ தாண்டாத ஹெச்.வி.எல்.பி. கன் இருக்கிறது, புகை பாதியாகக் குறையும். அதுவும் காற்று எழும்பாத விடிகாலையில். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், எனாமல் எம்மாத்திரம்! நீங்களும் அன்றைக்கு வண்டியை அடுத்த தெருவில் விட்டுவிடுங்கள். பழைய பெட்ஷீட்டைப் போர்த்துவதை நம்பாதீர்கள். அடியில் தூசி இருந்தால், காற்று அதையே உப்புத்தாளாக்கி வண்டியில் தேய்த்துவிடும்.

எல்லாம் முடிந்த ஞாயிறு சாயங்காலம் அதே பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு அதே பானட்டைக் கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். கவர் எங்கேயும் நிற்காமல் வைப்பர் வரைக்கும் போய்விட்டால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். எங்கேயாவது ஒன்றிரண்டு தட்டுப்பட்டால் அதற்காகத் தின்னர் பாட்டிலைத் திறக்காதீர்கள். நாலில் ஒரு துண்டு கிளே இன்னும் மிச்சம் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் வண்டிப் பக்க எழுத்தாளர்